இருபத்தொன்றாவது படகு

தேசப்பன் பெயரில் அச்சான கட்டுரைகள் மூன்று. மூன்றும் சேர்ந்து இருபத்தேழு பக்கம். பதினெட்டு வருடம் ஆராய்ச்சி செய்த ஒரு கணித விரிவுரையாளருக்கு இது போதாது என்று கல்லூரியில் பேசிக்கொண்டார்கள், அவரும் மறுத்ததில்லை. அந்த மூன்று கட்டுரைகளும் 'இப்படி ஒன்று இருக்கிறது' என்று எடுத்துக் காட்டுபவை. 'இப்படி ஒன்று கிடையாது' என்று அடித்துச் சொல்லும் கட்டுரை அவரிடமிருந்து வரவே இல்லை. அவர் எடுத்துக்கொண்ட துறையில் அந்த வருடங்களில் நடந்த வேலையில் பெரும்பகுதி, கிடையாது என்று நிரூபிக்கிற வேலைதான். அது அவருக்குக் கைவராத வேலை அல்ல. ஒரே ஒரு முறை செய்தார். காகிதத்தில் அல்ல, சொந்த ஊரில், வாய்ச்சொல்லாக, 1966 ஜூன் 19 ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு.

ஊர், பழவேற்காடு ஏரிக்கரையில் பெரியதிட்டுக்குப்பம். தேசப்பன் 1931இல் அங்கே பிறந்தவர். தகப்பனார் ஏரியில் வலை போட்டவர். அவருக்குப் பிறகு மூத்த மகன் திருமலை படகை எடுத்துக்கொள்ள, இளையவர் தேசப்பன் பொன்னேரிப் பள்ளிக்கூடத்துக்கும் பிறகு உதவித்தொகையில் மெட்ராஸுக்கும் போய்ப் படித்து, அங்கேயே ஒரு கல்லூரியில் விரிவுரையாளர் ஆனார். தினமும் ரயிலில் போய்வர வசதி என்று கவரைப்பேட்டையில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் வாடகைக்குக் குடியிருந்தார். ஆராய்ச்சி 1961இல் தொடங்கியது. பொருள், முடிவுறு குலங்கள்.

குலம் என்பதை அவர் தன் ஊர்க்காரர்களுக்கு விளக்குவதென்றால் இப்படிச் சொல்வார்: சில அசைவுகள் இருக்கின்றன, ஒன்றைச் செய்து, அதன்மேல் இன்னொன்றைச் செய்தால், வருவதும் அந்த அசைவுகளில் ஒன்றாகவே இருக்கவேண்டும், எந்த அசைவையும் திருப்பிச் செய்து பழைய இடத்துக்கு வரவும் முடியவேண்டும். சில குலங்களில் எதை முதலில் செய்தாலும் விடை ஒன்றுதான். வேறு சிலவற்றில் முன்பின் மாறினால் விடையும் மாறும். படகைத் தள்ளிவிட்டு ஏறுவதும், ஏறி உட்கார்ந்துகொண்டு தள்ளுவதும் ஒன்றா? அப்படி. தேசப்பன் ஆராய்ந்தது இந்த இரண்டாவது வகையைத்தான். இதை மறக்காமல் இருந்திருக்கவேண்டும். மறந்தார்.

துலுக்காணம் அவரைத் தேடி வந்தது மே மாதக் கடைசியில். இருவரும் ஒரே வயது, ஒரே குப்பம். துலுக்காணம் எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டுத் தகப்பனார் படகில் ஏறியவர். காலையில் பஸ் பிடித்து வந்து கவரைப்பேட்டை வீட்டு வாசலில் நின்று குரல் கொடுத்தார்.

"டேய் தேசா, ஊட்லதான் கீறியா?"

"வா, வா. இன்னா, காத்தாலயே? நாஷ்டா ஆச்சா?"

"நாஷ்டா கெடக்குது. உன்னாண்ட ஒரு கணக்கு கேக்க வந்தேன். ஊர்ல ஒரே பேஜாரா கீது."

விஷயம் இதுதான். குப்பத்தில் அப்போது இருபத்தொரு படகுகள். ஏரியில் வலை போட ஊர் குறித்துவைத்த இடங்களும் இருபத்தொன்று. எந்தப் படகு எந்த நாள் எந்த இடத்தில் போடலாம் என்று ஊர் கொடுக்கும் முறைக்கும் உரிமைக்கும் பாடு என்று பெயர். வருடத்துக்கு ஒரு தடவை சீட்டுப் போட்டு வரிசை கட்டுவார்கள். பிறகு எல்லாரும் அந்த வரிசையிலேயே நாளுக்கு ஓர் இடமாக நகர்ந்துகொண்டே போகவேண்டும். இருபத்தொரு இடத்தையும் சுற்றி முடித்ததும் ஒரு நாள் ஏரியில் வலை நனையக்கூடாது. அடுத்த நாள் புதுச் சுற்று.

நகர்வது எல்லாருக்கும் ஒரே மாதிரி என்பதால், முதல் நாள் யாருக்குப் பின்னால் நின்றோமோ வருடம் முழுக்க அவருக்குப் பின்னால்தான். ஊர்த் தலைவரான பெரியதனக்காரர் அருணாச்சலம் முந்தின வருடம் சின்னக் கண் வைத்த நைலான் வலை வாங்கியிருந்தார். துலுக்காணத்துக்குச் சீட்டு அவருக்குப் பின்னால் விழுந்துவிட்டது.

"அந்தாளு இன்னிக்கி வலை போட்ட எடத்துல நாளைக்கி நானு போறேன். இன்னா கெடைக்கும் சொல்லு? தண்ணிய மொண்டுகினு வரேன். ஒரு நாளு, ரெண்டு நாளுன்னா சர்தான். வருசம் பூரா அவரு எச்ச எலைலயே உக்காந்துகினு இருக்கணுமா?"

"பெரியதனத்தாண்ட சொன்னியா?"

"சொன்னேன். அவரும் ஒத்துக்கினாரு. நாயமா ஒரு லிஸ்ட்டு இருந்தா கொண்டா, மாத்திக்கிலாம்னாரு. எல்லாரும் எல்லா எடத்துக்கும் ஒரு தபா போவணும். எல்லாரும் எல்லாருக்குப் பின்னாலயும் ஒரு தபா போவணும். யாரு பின்னாலயும் ரெண்டு தபா போவக்கூடாது. அப்டி ஒரு லிஸ்ட்டு. நீ இன்னாமோ சுத்தறத பத்திதான் ஆராய்ச்சி பண்றேன்னு சொன்னியே."

தேசப்பன் அவரை நிமிர்ந்து பார்த்தார். கேள்வியில் ஒரு சொல் அதிகமில்லை, ஒரு சொல் குறைவில்லை. கல்லூரியில் யாரும் தன்னிடம் இவ்வளவு சுத்தமாக ஒரு கேள்வி கேட்டதில்லை என்று அவருக்குத் தோன்றியது. "பதினஞ்சு நாளு குடு" என்றார்.

அவர் வேலை செய்யும் முறை ஒன்று உண்டு. ரயில் பிரயாணிகள் போட்டுவிட்டுப் போகும் பழைய அட்டை டிக்கெட்டுகளைப் பொறுக்கி வைத்திருப்பார். அவற்றின் பின்புறம் எழுதி, மடியில் பலகை வைத்து அடுக்கி மாற்றிப் பார்ப்பார். இந்தக் கணக்குக்கு இருபத்தொரு டிக்கெட் எடுத்து ஒவ்வொன்றிலும் ஒரு படகுக்காரர் பெயரை எழுதினார். கவரைப்பேட்டையில் ஏறினால் மெட்ராஸ் போய்ச் சேரும்வரை டிக்கெட்டுகள் மடியில் இருக்கும்.

இடங்களை வட்டமாக வைத்துக்கொண்டார். தினமும் ஓர் இடம் நகர்வதால்தான் பின்னால் வருபவர் மாறுவதில்லை. அதற்குப் பதில் ஒவ்வொரு நாளும் வேறு வேறு தூரம் தாண்டினால்? ஒரு நாள் எல்லாரும் ஓர் இடம், ஒரு நாள் இரண்டு இடம், ஒரு நாள் மூன்று இடம். ஒரு தடவை தாண்டிய தூரத்தை மறுபடி தாண்டாமல் இருந்தால், யாரும் யாருக்குப் பின்னாலும் இரண்டாம் முறை வரமாட்டார்கள். ஒன்றிலிருந்து இருபது வரை இருபது தாண்டல்; அவற்றை எந்த வரிசையில் வைப்பது என்பது மட்டுமே கேள்வி.

இங்கேதான் முட்டியது. ஒன்று முதல் இருபது வரை கூட்டினால் இருநூற்றுப்பத்து. இருநூற்றுப்பத்து என்பது இருபத்தொன்றின் பத்து மடங்கு. தாண்டல்களை எப்படி மாற்றி அடுக்கினாலும் கூட்டுத்தொகை மாறாது. ஆகவே இருபத்தொன்றாம் நாள் ஒவ்வொரு படகும் முழுச் சுற்றுகளாகப் பத்துச் சுற்றி, முதல் நாள் நின்ற இடத்திலேயே வந்து நிற்கும். ஓர் இடம் இரண்டு தடவை, ஓர் இடம் விட்டுப்போகும். அப்படியானால் லிஸ்ட் ஆகாது.

இருபது படகு என்றால் வெகு அழகாக வந்தது. ஓர் இடம் முன்னே, இரண்டு இடம் பின்னே, மூன்று இடம் முன்னே, நாலு இடம் பின்னே என்று போனால் போதும். காகிதம்கூட வேண்டாம், மனத்திலேயே வைத்துக்கொள்ளலாம். தேசப்பனுக்கு அதில் பெரிய சந்தோஷம். பேசின் பிரிட்ஜ் தாண்டும்போது டிக்கெட்டுகளைக் கட்டிப் பையில் போட்டுக்கொண்டார். இருபதுக்கு உண்டு, இருபத்தொன்றுக்குக் கிடையாது. ஊர்க் கணக்குக்கு இது போதும் என்று நினைத்தார். கல்லூரிக் கணக்காக இருந்தால் அவர் அங்கே நிறுத்தியிருக்கமாட்டார்.

கங்கையம்மன் கோயில் கொட்டகையில் ஊர் கூடியது. அருணாச்சலம் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கேட்டார்.

"இன்னா வாத்தியாரே, வருதா, வர்லியா?"

தேசப்பன் இருபதுக்கான முறையைத் தரையில் சுண்ணாம்பால் போட்டுக் காட்டினார். கொட்டகையே எழுந்து வந்து குனிந்து பார்த்தது. ஓரிடம் முன்னே, ரெண்டிடம் பின்னே என்று சிலர் விரலைவிட்டுப் பார்த்துச் சிரித்தார்கள்.

"இது இருபது. நம்மாண்ட இருபத்தொண்ணு கீதே?"

"இருபத்தொண்ணுக்கு வராது, பெரியவரே."

"இன்னும் பத்து நாளு யோசன பண்ணா?"

"பத்து வருசம் பண்ணாலும் வராது. எவன் போட்டாலும் வராது. அது அப்டி."

சுண்ணாம்பில் கண்ட இருபதின் லிஸ்டை விட்டுப் பழைய வரிசைக்குப் போக யாருக்கும் மனமில்லை. பின்னாலிருந்து ஒருவர், "அப்ப ஒரு படகு நிக்கணும். வாத்தியார் ஊட்டுப் படகே நிக்கட்டுமே, மாசமானா சம்பளம் வருது" என்றார். சிரிப்பு எழுந்தது. அண்ணன் திருமலை தம்பியைப் பார்த்தார். தேசப்பன் கையிலிருந்த சுண்ணாம்பைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஊர் வழக்கம் வேறு. கடைசியாக வந்த பாடுதான் முதலில் நிற்கவேண்டும். துலுக்காணத்தின் தகப்பனார் வேறு குப்பத்திலிருந்து வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தவர். 1947இல் ஊர் அவருக்குக் கொடுத்தது இருபத்தொன்றாவது பாடு. எல்லாருக்கும் இது தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. துலுக்காணமே சொன்னார்.

"கடசி படகு என்னுதுதான். லிஸ்ட்டு கேட்டவனும் நான்தான்." தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி மறுபடி போட்டுக்கொண்டார். "நெசமா வராதா, தேசா?"

"வராது."

ஆடி பிறந்ததும், ஜூலை 17 அன்று, புது லிஸ்ட் தொடங்கியது. ஓர் இடத்தை மீனுக்கு என்று விட்டுவிட்டார்கள். துலுக்காணம் திருமலையின் படகில் கூலி ஆளாக ஏறினார். நின்ற படகுக்கு ஊரில் இன்னொரு வழக்கம் உண்டு: மூன்று சுற்று தண்ணீர் தொடாமல் போனால் அந்தப் பாடு செத்தது, பிறகு யார் கேட்டாலும் கொடுப்பதில்லை. இருபது இடமும் ஓய்வு நாளும் சேர்த்துச் சுற்றுக்கு இருபத்தொரு நாள். செப்டம்பர் 17 சனிக்கிழமையோடு மூன்று சுற்று முடிந்தது.

சொந்தப் படகில் நின்றவருக்கு அடுத்தவர் படகில் கூலியாக நிற்க முடியவில்லை. 1967 பொங்கல் கழித்து துலுக்காணம் மனைவி எல்லம்மாவோடும் மூன்று பிள்ளைகளோடும் கவரைப்பேட்டைக்கே வந்தார். ரோட்டோரத்து அரிசி ஆலையில் மூட்டை தூக்கும் வேலை. தேசப்பன் காலையில் ரயிலுக்குப் போகும்போது துலுக்காணம் பிளாட்பாரத்தில் மூட்டைகளை அடுக்கிக்கொண்டிருப்பார். இருவரும் இரண்டு வார்த்தை பேசிக்கொள்வார்கள். எல்லம்மா பேசமாட்டார். ஒரே ஒரு தடவை, தேசப்பன் அவர்கள் வீட்டு வழியாகப் போனபோது, உள்ளே பார்த்து உரக்கச் சொன்னார்:

"கணக்கு வாத்தியாரு வராருடி. ஊட்ல எத்தினி பேருன்னு எண்ணிக்கோ. ஒத்தப்படையா இருந்தா ஒருத்தர நிறுத்திடப் போறாரு."

அவர்கள் வீட்டில் ஐந்து பேர். தேசப்பன் ஸ்டேஷன் போகும்வரை அதை எண்ணிக்கொண்டே போனார்.

1968 பிப்ரவரி 11, ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் எம்.எஸ்ஸி. வகுப்புக்குக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். வருடா வருடம் சொல்லும் பாடம்தான். ஒற்றைப்படை அளவுள்ள, அதாவது அசைவுகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையான, குலங்களில், முன்பின் மாறினால் விடை மாறுகிற மிகச் சிறிய குலம் எது? பேனா தானாக எழுதியது: 21.

எழுதிவிட்டு அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இருபத்தொரு இடத்தையும் ஒரே வட்டமாகத்தான் வைக்கவேண்டும் என்று யார் சொன்னது? ஏழு ஏழாக மூன்று வட்டம் வைக்கலாம். முதல் வட்டத்தில் ஓர் இடம் தாண்டும் அதே அசைவு, இரண்டாவது வட்டத்தில் இரண்டு இடம் தாண்டும், மூன்றாவதில் நாலு இடம். அதற்குமேல் எட்டு, ஏழு இட வட்டத்தில் எட்டு என்றால் மறுபடி ஒன்று. இங்கே தாண்டிவிட்டு வட்டம் மாறுவதும், வட்டம் மாறிவிட்டுத் தாண்டுவதும் ஒன்றல்ல. முன்பின் மாறினால் விடை மாறுகிற இடத்தில், எப்படி அடுக்கினாலும் கூட்டுத்தொகை ஒன்றுதான் என்ற பேச்சுக்கே வழியில்லை. கிளம்பிய இடத்துக்குத் திரும்பித்தான் ஆகவேண்டும் என்ற கட்டாயம் அறுந்துபோனது. 1966 பிப்ரவரியிலும் இதே பாடத்தைச் சொல்லிக்கொடுத்திருந்தார். துலுக்காணம் வருவதற்கு மூன்று மாதம் முன்னால்.

கட்டாயம் இல்லை என்பது வேறு, லிஸ்ட் கிடைப்பது வேறு. மறுபடி இருபத்தொரு டிக்கெட்டையும் பரப்பினார். துலுக்காணம் என்று எழுதிய டிக்கெட், ரப்பர் பேண்டுக்கு வெளியே தனியாகக் கிடந்தது. மார்ச் முதல் தேதி வெள்ளிக்கிழமை மாலை, மெட்ராஸிலிருந்து திரும்பும் ரயிலில், லிஸ்ட் முடிந்தது. இருபத்தொரு படகு, இருபத்தொரு இடம், இருபத்தொரு நாள். எல்லாரும் எல்லா இடத்திலும் ஒரு தடவை, எல்லாரும் எல்லாருக்குப் பின்னாலும் ஒரே ஒரு தடவை. நானூற்று இருபது ஜோடியையும் ஒன்றொன்றாகச் சரிபார்த்தார். ஒரு கணிதக்காரனுக்கு வாழ்க்கையில் இரண்டு மூன்று முறைதான் வரும் சந்தோஷம் அது. அதை அனுபவிக்க அவருக்குக் கவரைப்பேட்டை வரும்வரை நேரம் இருந்தது. பிளாட்பாரத்தில் இறங்கியதும் மூட்டைகள் கண்ணில் பட்டன.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனார். அருணாச்சலம் தாளை வாங்கித் தலைகீழாகவும் நேராகவும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"நல்லாதான் கீது, வாத்தியாரே. ஆனா நீ போட்டுக் குடுத்த லிஸ்ட்டு இருபது மாசமா ஒரு சண்ட இல்லாம ஓடுது. அத ஏன் கலைக்கணும்? எவன் போட்டாலும் வராதுன்னு நீதான சொன்ன?"

"தப்பா சொல்லிட்டேன், பெரியவரே."

"இப்ப இதயும் தப்பா சொல்லலன்னு எப்டித் தெரியும்?" அவர் கேலியாகச் சொல்லவில்லை, உண்மையாகவே கேட்டார். "அதுவுமில்லாம மூணு சுத்து எப்பவோ போச்சு. செத்த பாட்ட உசுரு குடுத்து எழுப்பறதுன்னா ஊரு ஒத்துக்காது. அதுக்கு ஒரு காரணம் வோணும்."

தான் செய்த தப்பு ஒரு காரணமாகாதா என்று நினைத்துக்கொண்டே தேசப்பன் தாளை மடித்துப் பையில் வைத்தார்.

மறுநாள் காலை பிளாட்பாரத்தில் துலுக்காணத்திடம் சொன்னார். சாக்கு மூட்டையின் மேல் டிக்கெட்டுகளைப் பரப்பி, இரண்டு மூன்று நாளுக்கான நகர்வைக் காட்டினார். துலுக்காணம் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்தார்.

"நானு அருணாச்சலம் பின்னால என்னிக்கி போறேன்?"

"பதினேழாவது நாளு. அன்னிக்கி மட்டுந்தான்."

"அன்னிக்கி மட்டுந்தானா?" துலுக்காணத்துக்குச் சிரிப்பு வந்தது. "நல்ல லிஸ்ட்டுடா. இதத்தான நானு கேட்டேன்." தன் பெயர் போட்ட டிக்கெட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு அதே இடத்தில் வைத்தார். "தேசா, ஒண்ணு சொல்றேன். அன்னிக்கி கொட்டாயில, எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் வர்லன்னு சொல்லிருக்கலாமே நீ. வராதுன்னு ஏன்டா சொன்ன? தெரிஞ்ச வரைக்கும்னு ஒரு வார்த்த போட்டிருந்தா, சண்ட போட்டுகினாவது தாக்குப்புடிச்சிருப்பேன்."

ரயில் வந்தது. தேசப்பன் டிக்கெட்டுகளை வாரிக்கொண்டு ஏறினார்.

இருபத்தொன்றுக்கான அடுக்கைக் கட்டுரையாக எழுதி அனுப்ப அவருக்கு மனம் வர ஆறு மாதம் ஆயிற்று. செப்டம்பரில் ஒரு வெளிநாட்டு இதழுக்கு அனுப்பினார். 1969 ஜனவரியில் பதில் வந்தது: கட்டுரை சரி, ஆனால் இதே இருபத்தொன்றுக்கு இதே குலத்தை வைத்து வேறொருவர் ஏற்கெனவே அச்சிட்டுவிட்டார். தேசப்பன் வருத்தப்பட்டார் என்றால் அது முழு உண்மை ஆகாது. அந்த அடுக்கின் மேல் தன் பெயர் அச்சாகாமல் போனதில் அவருக்கு ஓர் ஓரத்தில் நிம்மதியும் இருந்தது.

வருத்தம் வேறு இடத்தில் வந்து சேர்ந்தது. 1970இல் அவருடைய வழிகாட்டிப் பேராசிரியர் ஒரு நல்ல பிரச்சினையைக் கொடுத்தார். சிறு துண்டுகளாக உடைக்க முடியாத குலங்கள் எந்த எந்த அளவில் இருக்க முடியும் என்று உலகம் முழுக்கத் தேடிக்கொண்டிருந்த காலம். குறிப்பிட்ட ஒரு வகை அளவில் அப்படி ஒரு குலம் கிடையாது என்று நிரூபிக்கவேண்டும். தேசப்பன் இரண்டரை வருடத்தில் நாற்பத்து மூன்று பக்கம் எழுதினார். பேராசிரியர் படித்துவிட்டு, "முடிந்துவிட்டதே தேசப்பன், கடைசி வரியை எழுதி அனுப்புங்கள்" என்றார். கடைசி வரி, 'ஆகவே இப்படி ஒரு குலம் கிடையாது' என்பது. தேசப்பன் இன்னொரு தடவை பார்க்கிறேன் என்றார். பார்த்தார். எல்லா வழியையும் அடைத்துவிட்டோமா, நமக்குத் தோன்றாத வட்டம் ஏதாவது வெளியே கிடக்கிறதா என்று ஒவ்வொரு பக்கத்தையும் திருப்பினார். எதுவும் அகப்படவில்லை. அகப்படவில்லை என்பதாலேயே பயம் கூடியது. பதினான்கு மாதம் இப்படிப் போனது. 1973 முடிவில் அந்த முடிவு வேறொருவர் பெயரில் வெளிவந்தது. முறையும் கிட்டத்தட்ட அதேதான். பேராசிரியர் அவரைக் கோபித்துக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு பிரச்சினை எதுவும் கொடுக்கவும் இல்லை. டாக்டர் பட்டம் வரவே இல்லை.

1977 ஆகஸ்டு முதல் வாரத்தில் அருணாச்சலம் கவரைப்பேட்டைக்கு வந்தார். வயதாகி, கோலூன்றி வந்தார். அதற்குள் குப்பத்தில் எல்லாரும் நைலான் வலைதான். கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கியிருந்தன. துலுக்காணமும் மூட்டை தூக்குவதை விட்டு அங்கே ஒரு கம்பெனியில் கேட்டில் வாட்ச்மேனாக இருந்தார்.

"இராமலிங்கம் படக நிறுத்திட்டான், வாத்தியாரே. பசங்க ரெண்டு பேரும் கம்பெனிக்குப் போய்ட்டானுங்க. இப்ப பத்தொம்போது படகு. லிஸ்ட்டு ஒதைக்குது."

"ஒத்தப்படை."

"அதான். இப்ப நானு சொல்றத கேளு. துலுக்காணத்துக்கு அன்னிக்கி நடந்தது எனக்கும் உறுத்திகினேதான் கீது. செத்த பாட்ட எழுப்பறதுக்கு ஒரு காரணம் வோணும்னேனே? இதோ கீது காரணம். பத்தொம்போதுக்கு வராது, இருபதானாதான் வரும்னு நீ வந்து கொட்டாயில ஒரு வார்த்த சொல்லு. ஊரே எழுந்து போய் அவன இட்டுகினு வரும்."

ஆகஸ்டு 14, ஞாயிற்றுக்கிழமை. கிளம்புமுன் தேசப்பன் துலுக்காணம் வீட்டுக்குப் போனார். பதினோரு வருடத்தில் முதல் முறையாக எல்லம்மா அவர் எதிரே வந்து டீ டம்ளரை வைத்தார். வைத்துவிட்டு அங்கேயே நின்றார். துலுக்காணம் துவைத்த வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். பஸ்ஸில் படகைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வந்தார். பழைய படகு உளுத்துப்போயிருக்கும், மச்சான் ஒருவனிடம் ஒன்று சும்மா கிடக்கிறது, கேட்டுவைத்திருக்கிறேன் என்றார்.

கொட்டகையில் அருணாச்சலம் விஷயத்தைத் தொடங்கிவைத்தார். தேசப்பன் எழுந்தார். ஒன்றிலிருந்து பதினெட்டு வரை கூட்டினால் நூற்று எழுபத்தொன்று, அது பத்தொன்பதின் ஒன்பது மடங்கு, கிளம்பிய இடத்துக்கே திரும்பிவிடும் என்று சொன்னார். கூட்டம் தலையாட்டியது. அப்போது முன்வரிசையில் இருந்த ஒருவர் கேட்டார். விரோதமாக அல்ல.

"இத்தயேதான அன்னிக்கி இருபத்தொண்ணுக்கும் சொன்னீங்க? அப்புறம் மூணு வட்டம் வெச்சி வந்துதுன்னு லிஸ்ட்டோட வந்தீங்க. இதுக்கு அப்டி வராதா?"

"வராது. பத்தொன்பத வட்ட வட்டமா பிரிக்க முடியாது."

"சரி. வேற எப்டியும் வராதா? எவன் போட்டாலும் வராதா?"

தேசப்பன் மனத்துக்குள் வழிகளை ஒவ்வொன்றாக அடைத்துப் பார்த்தார். பத்தொன்பதில் குலம் ஒன்றே ஒன்றுதான், அந்த ஒற்றை வட்டம். குலங்களை வைத்துச் செய்யும் வழி எல்லாம் அடைபட்டது. அதில் சந்தேகமே இல்லை. ஆனால் குலத்தின் துணை இல்லாமல், எந்த ஒழுங்கிலும் அடங்காத ஒரு லிஸ்ட் எங்காவது இருக்குமா? அது அவருக்குத் தெரியாது. யாருக்கும் தெரிந்ததாக அவர் படித்ததில்லை. அருணாச்சலம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். துலுக்காணம் கொட்டகைக் காலில் சாய்ந்து நின்றிருந்தார்.

"எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் வராது" என்றார் தேசப்பன்.

"தெரியாத வழில?"

"தெரியாது."

அருணாச்சலம் கண்ணை மூடிக்கொண்டார். கூட்டத்தில் பேச்சு எழுந்து அடங்கியது. யாருக்கும் துலுக்காணத்தின் மேல் பகை இல்லை. ஆனால் இருபது இல்லாமலும் வழி இருக்கலாம் என்றால், செத்த பாட்டை எழுப்பினதற்கு நாளைக்கு அடுத்த குப்பத்துக்காரன் கேட்டால் என்ன சொல்வது? முடிவு வந்தது. வாத்தியாருக்குத் தெரிகிற வரைக்கும் பழையபடி சீட்டுப் போட்டுக்கொள்ளலாம்.

திரும்பும்போது பொன்னேரியில் பஸ் மாறவேண்டும். கும்மிடிப்பூண்டி பஸ் வந்து நின்றபோது துலுக்காணம் சொன்னார்.

"ஒரு வார்த்ததானடா."

"நீதான சொன்ன, துலுக்காணம்? தெரிஞ்ச வரைக்கும்னு சொல்லணும்னு?"

"நானு சொன்னது அன்னிக்கிக்குடா."

அவருக்கு இரண்டு மணி ஷிப்ட். தேசப்பன் கவரைப்பேட்டையில் இறங்கிக்கொண்டார். துலுக்காணம் இறங்காமல் அதே பஸ்ஸில் கும்மிடிப்பூண்டி போனார், வெள்ளைச் சட்டையோடு.

தேசப்பன் அன்றிலிருந்து வேறு எதையும் ஆராயவில்லை. பத்தொன்பதுக்கு லிஸ்ட் கிடையாது, எந்த வழியிலும் கிடையாது, எவன் போட்டாலும் கிடையாது என்று நிரூபிக்க முயன்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு 'கிடையாது' அவருக்குத் தேவைப்பட்டது. பத்தொன்பதுக்கு முன்னால் மூன்று, ஐந்து, ஏழு என்று அதைப் போலவே பிரிக்க முடியாத சின்ன எண்களில் போட்டுப் பார்த்தார். அங்கெல்லாம் கிடையாது என்று கையாலேயே காட்ட முடிந்தது. பதினொன்றில் கை நின்றுபோனது. வழிகள் எண்ணிக்கைக்கு அடங்கவில்லை. 1979 டிசம்பர் வரை ஏழு நோட்டு தீர்ந்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் தேதி. தேதிக்குப் பக்கத்தில் 'இதுவரை இல்லை'.

காலை ஷிப்டுக்குப் போகும் நாட்களில் துலுக்காணம் எதிர்ப் பிளாட்பாரத்தில் நிற்பார். அவர் ரயில் வடக்கே, தேசப்பனுடையது தெற்கே. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கமிருந்து கையை வாயருகே குவித்துக் கேட்பார்.

"இன்னா தேசா, வராதுன்னு ஆயிடுச்சா?"

"இன்னும் ஆவல."

"சர்தான், பாரு, பாரு" என்பார் துலுக்காணம். அதற்குள் ஏதாவது ஒரு ரயில் நடுவில் வந்துவிடும்.